மரணம் பற்றிய ஆய்வுக்கு நிபுணராக அழைக்கிறார்கள், சேரலாமா?

கேள்வி: நான் நன்னிலம் பக்கம் ஒரு அறக்கட்டளையில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) செவிலியர். படித்தது டிப்ளமோ. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. மரணம், இறுதிக்காலம் பற்றிய ஆய்வுகள் இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று ‘டெல்ஃபி’ முறையில் மூன்று சுற்றுகளாக நிபுணர்களிடம் கேட்கிறார்களாம், என்னையும் சேரச் சொல்கிறார்கள். நான் எந்த வகையில் நிபுணர்? இது மோசடியாக இருக்குமா? நான் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுதலாமா? வேலைக்கு ஏதாவது வினை வருமா? (வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: அழைப்பு உண்மையானதுதான் என்று தெரிந்துகொண்டு, சேருங்கள்.

முதலில் ‘நான் நிபுணரா’ என்ற தயக்கத்தை எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரி ஆய்வில் நிபுணர் என்றால் பட்டம் வாங்கியவர் மட்டும் இல்லை. அந்த விஷயத்தோடு நாள்தோறும் புழங்குபவரும் நிபுணர்தான். மருத்துவர், செவிலியர், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர், மயானத் தொழிலாளி என்று பலரையும் சேர்க்கும் ஆய்வுகள் உண்டு. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் “இனி வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க” என்று சொன்னதோடு மருத்துவரின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வெளியில் இறந்தவரை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருப்பதால், உயிர் இருக்கும்போதே வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் பறக்கிறது. அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? “இழுத்துக்கிட்டே கிடக்கு” என்று சொல்லப்படும் அந்த இரண்டு மூன்று நாள்களில் யார் முடிவெடுக்கிறார்கள், ஆக்சிஜனை எடுக்கச் சொல்வது மகனா மருமகளா, வாயில் பால் ஊற்றலாமா என்று யாரிடம் கேட்கிறார்கள்? இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கேள்வித்தாள் தயாரிக்கும் பேராசிரியருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

டெல்ஃபி முறை அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் 1950களில் உருவானது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரிய மனிதர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள், இல்லையா? அது நடக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. குழுவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, யார் என்ன சொன்னார்கள் என்பதும் தெரியாது. முதல் சுற்றில் பெரும்பாலும் திறந்த கேள்விகள். வந்த பதில்களைத் தொகுத்து, வாக்கியங்களாக்கி, இரண்டாம் சுற்றில் மதிப்பெண் கேட்பார்கள். மூன்றாம் சுற்றில் குழுவின் நடு மதிப்பெண்ணையும் உங்கள் பழைய மதிப்பெண்ணையும் காட்டி, “மாற்றிக்கொள்கிறீர்களா?” என்பார்கள். 70 அல்லது 75 சதவீதம் பேர் ஒத்துப்போனால் கருத்தொற்றுமை என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஆய்வுக்கு ஆய்வு இது கொஞ்சம் மாறும்.

முதல் சுற்றில் பாடப்புத்தக வாசகம் எழுதாதீர்கள். ‘தரமான இறுதிக்காலப் பராமரிப்பு தேவை’ என்று எழுத உங்களை அழைக்கத் தேவையில்லை. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்து கிடைப்பதை எளிதாக்க 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனாலும் மாத்திரை இருப்பு உள்ள இடத்துக்கு ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டியிருந்தால், அந்த இரவு நோயாளி வலியை என்ன செய்வார்? நீங்கள் கண்ணால் பார்த்தது இதுதான் என்றால் இதை எழுதுங்கள்.

மதிப்பெண் போடும் சுற்றுகள்தான் எனக்குக் கவலை. ‘நோயின் நிலையை நோயாளியிடமே முதலில் சொல்ல வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது, ஒன்பதுக்கு மதிப்பெண் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழுவின் நடு மதிப்பெண் 8, உங்களுடையது 4. ‘அவர்கள் எல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள்’ என்று உடனே 8க்குத் தாவிவிடத் தோன்றும். தாவாதீர்கள். வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்தி, “அப்பாவுக்குத் தெரியாது, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்று மகள் சொல்வதையும், உள்ளே போனால் அந்த அப்பா உங்களிடம் ரகசியமாக “எத்தனை நாளும்மா?” என்று கேட்பதையும் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். மற்றவர்கள் சொன்ன காரணம் உங்களுக்குச் சரியென்று பட்டால் தாராளமாக மாற்றுங்கள், கூச்சத்துக்காக மாற்ற வேண்டாம். காரணம் இல்லாத தனி மதிப்பெண் கணக்கில் கரைந்துவிடும். காரணத்தோடு வந்தால் அறிக்கையில் ஒரு பத்தியாவது ஆகும். பாதியில் விலகுவதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. மாறுபட்டு நினைப்பவர்கள் சலித்து விலகிவிட்டால், மிஞ்சியவர்கள் எல்லோரும் ஒத்துப்போனது போலத் தெரியும். அதனால் மூன்று சுற்றுக்கும் நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

சட்டம் தொடர்பான வாக்கியங்களில் நிதானமாக இருங்கள். சில நாடுகளில் மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. இங்கே இல்லை. இங்கே உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது வேறு: பலன் தராத சிகிச்சையை நிறுத்துவது, அதற்காக முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்ப ஆவணம். 2023 ஜனவரியில் நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கி, மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி முன் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிக் கேட்டிருந்தால், மதிப்பெண் போடாமல் ‘கேள்வி தெளிவாக இல்லை’ என்று எழுதிவிடுங்கள்.

நோயாளிகளைப் பற்றி எழுதலாம், ஆனால் நம் ஊர்க் கணக்கில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ‘குடவாசல் அருகே ஒரு கிராமம், வாய்ப்புற்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், துபாய் மகன் வரும்வரை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்’ என்று எழுதினால், அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ‘வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்து சேரும்வரை அடக்கத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்களில், கூட இருந்து பார்த்துக்கொண்ட பெண்கள் தூங்காமல் கிடக்கிறார்கள்’ என்று எழுதினால் விஷயம் அப்படியே இருக்கும், ஆள் தெரியாது. இறந்துவிட்டவர்தானே என்று விடக் கூடாது, குடும்பம் உயிரோடு இருக்கிறது. அறக்கட்டளையின் நோயாளிக் கோப்பைத் திறந்து எதையும் எடுக்காதீர்கள். பொறுப்பாளரிடம் “இப்படி ஒரு ஆய்வில் என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன்” என்று எழுத்தில் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள். வினை வராமல் இருக்க அதுவே நல்ல வழி.

மோசடியா என்று பார்ப்பது கடினமில்லை. மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரியிலிருந்து வந்ததா, தலைமை ஆய்வாளர் பெயர் அந்தத் துறையின் பட்டியலில் இருக்கிறதா, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று முன்கூட்டியே பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆதார் எண், ஓடிபி, பதிவுக் கட்டணம் என்று ஏதாவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு டிக் போடாதீர்கள். சக நிபுணர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது, ஆனால் ஆய்வாளருக்குத் தெரியும். நன்றிப் பட்டியலில் பெயர் போடுவார்களா, பாதியில் விலகினால் அதுவரை எழுதியது நீக்கப்படுமா என்று கேளுங்கள். தொகுத்து முடித்த சுற்றிலிருந்து ஒருவர் கருத்தை மட்டும் பிரித்தெடுக்க முடியாமல் போகலாம். விலகுவது உங்கள் உரிமை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் இதைச் சொல்கின்றன, படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

சமீபத்தில் சொந்த வீட்டிலேயே ஒரு சாவு நடந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அல்லது மனதைக் கலக்கும் கேள்வியைத் தாண்டிப் போங்கள். எழுதி முடித்த பிறகும் மனம் ஆறவில்லை என்றால் 14416க்கு அழைக்கலாம். அது அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசுவார்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்ற தயக்கமும் இருக்கும். அதற்கு இப்படி ஒரு பதில் அனுப்புங்கள்: “பங்கேற்க விருப்பம். திறந்த கேள்விகளுக்குத் தமிழில் எழுதலாமா, யார் மொழிபெயர்ப்பார்கள்? மொழிபெயர்த்ததை எனக்குக் காட்டுவீர்களா? நெறிமுறைக் குழு ஒப்புதல் கடிதத்தின் நகல் வேண்டும்.” ஒழுங்கான ஆய்வுக்குழு என்றால் நான்குக்கும் பதில் வரும். வந்த பிறகு கையெழுத்திடுங்கள்.