தாத்தாவின் நிலம் சித்தப்பாவின் பெயருக்குப் போய்விட்டது, மீட்க முடியுமா?

பினாங்கில் தாத்தா விட்டுச்சென்ற நிலத்தைச் சித்தப்பா போலிக் கையெழுத்தில் மாற்றிக்கொண்டார் என்கிறீர்கள். வீட்டில் கத்திப் பயனில்லை; முதலில் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து, நிலம் இப்போது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நிலத்தைப் பெயர் மாற்றும் 14ஏ பாரத்தின் நகலும் கிடைத்தால், கையெழுத்திட்ட தேதியைத் தாத்தாவின் இறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இறந்தவர் கையெழுத்திட்டிருந்தால் வழக்கில் பாதி அங்கேயே முடிந்தது.

மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவுப்படி, மோசடியால் பெற்ற பட்டாவை நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஆனால் சித்தப்பா விற்று, வாங்கியவரும் மறுவிற்பனை செய்துவிட்டால் சிக்கல்: நல்லெண்ணத்தோடு விலை கொடுத்த அந்தப் பிந்தைய வாங்குநருக்குப் பாதுகாப்பு உண்டு. ஏமாற்றுக்காரரிடமிருந்து நேரடியாக வாங்கியவரையே நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒருமுறை காப்பாற்றியது. அதுவும் இங்குள்ள தஞ்சோங் பூங்கா நில வழக்கில்தான். எத்தனை பேரின் வயிற்றெரிச்சலோ! 2010இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்றது.

ஆகவே நிலம் அப்படிக் கைமாறுவதற்குள் தடுக்க வேண்டும். போலீஸ் புகார் கொடுத்து, நிலத்தை விற்கவோ பெயர் மாற்றவோ விடாத ‘பதிவாளர் தடை’யைப் பதியும்படி நிலப் பதிவாளரிடம் கேளுங்கள். தாத்தாவின் சொத்துக்கு நிர்வாகக் கடிதம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கத் தரப்படும் அதிகாரம்) எடுக்கவில்லையென்றால், வழக்கறிஞரிடம் முதலில் அதைப் பேசுங்கள்.