கறுப்பினத்தவரின் இதயச் செயலிழப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கார்த்திகா (நர்சிங் மாணவி): டாக்டர், அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயத்தால் ரத்தத்தைச் சரியாக பம்ப் செய்ய முடியாத நிலை, அதிகம் என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எவ்வளவு அதிகம்?

எண்ணிக்கையை விட வயதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது. கார்டியா என்ற ஆய்வில் பர்மிங்காம், சிகாகோ, மினியாபோலிஸ், ஓக்லண்ட் ஆகிய நான்கு நகரங்களில் 5,115 பேரை 1985-86இல் சேர்த்தார்கள். எல்லோரும் 18 முதல் 30 வயதுக்காரர்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய சரிபாதி. அடுத்த 20 ஆண்டுகளில் 27 பேருக்கு இதயம் செயலிழந்தது. அதில் 26 பேர் கறுப்பினத்தவர், எல்லோரும் ஐம்பதைத் தொடாதவர்கள். நோய் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 40 வயதுக்குள்ளேயே பிரஷர் இருந்தது. தடுக்க நிறைய காலம் இருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வேதனை.

செந்தில்: அப்படியானால் மரபணுதானே காரணம்?

அந்த முடிவுக்கு அவசரமாகப் போகாதீர்கள். மெசா என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வில் ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் கறுப்பினத்தவரில் 4.6 பேருக்கும் வெள்ளையரில் 2.4 பேருக்கும் இந்த நோய் புதிதாக வந்தது. பிரஷரையும் சர்க்கரையையும் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது.

சரி, அந்த பிரஷர் பரம்பரையாகவே வருகிறதா? ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் 1990களில் மேற்கு ஆப்பிரிக்காவிலும், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடமும் ஒரே முறையில் பிரஷரை அளந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். கரீபியத் தீவுகளில் 26. அமெரிக்காவில் 33. வேர் ஒன்றுதான். உடல் எடை, உப்பு, வாழும் சூழல் எல்லாம் மாற மாற பிரஷரும் ஏறியிருக்கிறது. நோயாளியின் தோல் நிறத்தைக் கேஸ் ஷீட்டில் காரணமாக எழுதுவதை நான் ஏற்பதில்லை.

செந்தில்: மரபணுவுக்குப் பங்கே இல்லையா?

உண்டு, ஓர் இடத்தில் தெளிவாகவே உண்டு. டிரான்ஸ்தைரெட்டின் என்ற ரத்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் வி122ஐ என்ற மாற்றம், அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 3 முதல் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க வழியில் வந்தது. அது இருக்கும் எல்லோருக்கும் நோய் வராது. வந்தால் பெரும்பாலும் அறுபதுக்கு மேல் வரும்; அந்தப் புரதம் அமிலாய்டு என்ற படிவாக இதயத் தசையில் படிந்து இதயச் சுவர் தடித்துவிடும். எக்கோ என்ற இதய ஸ்கேனில் தடித்த சுவரைப் பார்த்ததும் "பிரஷர் இதயம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு கையிலும் கார்ப்பல் டனல் தொல்லை (மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு விரல் மரத்துப்போவது) இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள், அது ஒரு நல்ல துப்பு. இதற்கு டஃபாமிடிஸ் என்ற மருந்து இப்போது இருப்பதால் இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

ரஃபீக் (மருந்தாளுநர்): ஓர் இனத்துக்கென்றே அனுமதிக்கப்பட்ட மாத்திரை உண்டாமே?

பைடில். ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் ஹைட்ராலசினும் சேர்ந்த மாத்திரை. இதயச் செயலிழப்பு முற்றிய, தம்மைக் கறுப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்ட 1,050 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான மருந்துகளோடு, ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தில்லாத மாத்திரை (பிளசிபோ) சாப்பிட்டவர்களில் 10.2 சதவீதம் பேரும், இதைச் சாப்பிட்டவர்களில் 6.2 சதவீதம் பேரும் இறந்தார்கள். 2004இல் சோதனையை முன்கூட்டியே நிறுத்தி, 2005 ஜூனில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. பலன் உண்மையானது. ஆனால் மற்ற இனத்தவர் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. "கறுப்பினத்தவருக்கு மட்டும்தான் வேலை செய்யும்" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பிரஷருக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் ஏஸ் தடுப்பு மாத்திரையால் உதடும் நாக்கும் வீங்குவது கறுப்பினத்தவரிடம் அதிகம். அதைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அதற்காக மருந்தையே மறுத்துவிடக் கூடாது.

தமிழினி: ஆப்பிரிக்காவிலேயே நிலைமை எப்படி?

வேறு மாதிரி. 9 நாடுகளில் 1,006 நோயாளிகளைப் பதிவு செய்த தீசஸ் ஆய்வில் சராசரி வயது 52. மாரடைப்பு வகைக் காரணங்கள் 8 சதவீதம்கூட இல்லை. பிரஷரால் வந்தது 45 சதவீதம், வாதக் காய்ச்சலால் கெட்ட இதய வால்வால் வந்தது 14 சதவீதம். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள்.

ஜெனிபர் (லண்டனில் நர்ஸ்): எங்கள் வார்டுக்கு வரும் நைஜீரியத் தாய்மார்களிடம் எதைக் கவனிக்க வேண்டும், டாக்டர்?

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரை இதயத் தசை தளர்ந்துபோகும் ஒரு நோய் உண்டு. வடக்கு நைஜீரியாவில் இது உலகிலேயே மிக அதிகம். ஹைட்டியில் சுமார் 300 பிரசவத்துக்கு ஒருவர். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல், ராத்திரி இருமல் என்று அந்த அம்மா சொன்னால் பிரசவக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், அன்றே எக்கோ கேளுங்கள். பலருக்கு இதயம் தேறிவிடும். தேறாத நிலையில் அடுத்த கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே கருத்தடை பற்றி அவரிடமும் கணவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.