நெறியாளரை எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். கடல்சார் உயிரியலில் முதுகலை முடித்திருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு இரண்டு பேராசிரியர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவருடைய எச்-இன்டெக்ஸ், அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எண், 34. கடல் நுண்ணுயிர்களில் வேலை செய்கிறார். கட்டுரைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள். இன்னொருவருக்கு வெறும் 7. அவர் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டு நண்டுகளை இனம் பிரித்து வகைப்படுத்துகிறவர். வீட்டில் அனைவரும் 34-தான் என்கிறார்கள். என் மனமோ நண்டுகளிடம் இருக்கிறது. எண்ணைப் பார்க்காமல் முடிவெடுத்தால் பின்னால் வருந்துவேனா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

34 பெரியது, 7 சிறியது என்பது கணக்கில் சரி. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே தவறு.

எச்-இன்டெக்ஸை 2005-ல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் ஏழு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஏழு முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 7. எட்டுக் கட்டுரைகள் எட்டெட்டு முறை என்றால் 8. அவ்வளவுதான் அதன் சூத்திரம். துறைக்குத் துறை இந்த எண் மாறும் என்பதை ஹிர்ஷே தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் துறையில் மேற்கோள் மளமளவென்று வந்து விழும். நண்டு வகைப்பாட்டில் உலகம் முழுவதையும் சேர்த்தாலும் ஆட்கள் குறைவு.

அது மட்டும் அல்ல. வகைப்பாட்டியலின் உழைப்பு எங்கே காணாமல் போகிறது என்று பாருங்கள். உங்கள் ஊர்த் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் மத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். முறைப்படி எழுதும்போது பின்னால் ‘வலென்சியென், 1847’ என்று சேர்ப்பார்கள். அந்த இனத்தை முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் அவை. மத்தியைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் 1847-ன் அந்த நூல், கட்டுரைக் கடைசியில் உள்ள துணைநூல் பட்டியலில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. மேற்கோள் எண்ணும் மென்பொருள் பட்டியலைத்தான் படிக்கிறது. பட்டியலில் இல்லை என்றால் கணக்கிலும் இல்லை.

உங்கள் நண்டுப் பேராசிரியருக்கும் இதேதான் நடக்கும். யாரோ ஒருவர் பாட்டிலில் போட்டு அனுப்பிய நண்டின் கொடுக்கையும் ஓட்டையும், ஆண் நண்டின் வயிற்றடியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் நுனியையும் நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன இனம் என்று அவர் சொல்லுவார். அனுப்பியவர் கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லுவார். நன்றியுரையை எந்த எச்-இன்டெக்ஸும் எண்ணுவதில்லை. அந்தப் பெயர் தவறாக இருந்தால் அதன் மேல் கட்டிய சூழலியல் முடிவு முழுவதும் தவறு. இத்தனை பேர் சாய்ந்து நிற்கும் ஒரு வேலை கணக்கில் விழாமல் போவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

நான் இருக்கும் புதுச்சேரியிலும் இதைக் காணலாம். 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகளைப் பண்டிதர்கள் தாளில் படியெடுத்தார்கள். இங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இன்று ஆகமப் பதிப்பு செய்கிறவர்கள் அந்தப் படிகளை எண்ணிட்டுக் குறிப்பிடுகிறார்கள். கிரந்த எழுத்தை வரி வரியாகப் படித்து எழுதிய பண்டிதருக்கு அதனால் ஒரு மேற்கோளும் ஏறுவதில்லை.

இனி கூட்டாய்வு. பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதுவது குற்றம் அல்ல. மாதிரி சேகரித்தவர், மரபணு வரிசை பார்த்தவர், புள்ளியியல் பார்த்தவர் என்று இன்றைய உயிரியலுக்குப் பல கைகள் வேண்டும். இயற்பியலில் ஹிக்ஸ் என்ற நுண்துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வந்த கட்டுரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். கணித மேதை பால் ஏர்டிஷ் ஐந்நூறுக்கும் அதிகமானவர்களுடன் சேர்ந்து எழுதினார். பலரோடு நேரில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆனால் எச்-இன்டெக்ஸுக்கு முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்று. யார் என்ன செய்தார் என்பதை அது கேட்பதே இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். 34 உள்ளவரின் கட்டுரைகளில் மாணவர்களின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது? முதலாவதாகவா, ஒன்பதாவதாகவா? மேற்கோள் காட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்களா, அதே கூட்டாளிகள்தான் மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்கிறார்களா?

மேற்கோள் அட்டவணை என்ற கருவியின் மேல் எனக்குப் பகை இல்லை. யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்ததன் முதல் நோக்கம் ஆட்களைத் தரம் பிரிப்பது அல்ல, கட்டுரைகளைத் தேடுவது. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்து, பின்னால் அதை யார் யார் பயன்படுத்தினார்கள் என்று தொடர்ந்து போக அது வழி செய்தது. நீங்களும் அப்படியே பயன்படுத்துங்கள். இருவரின் கட்டுரைகளிலும் இரண்டிரண்டை எடுத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவற்றை மேற்கோள் காட்டியவற்றில் ஐந்தாறைத் திறந்து படியுங்கள். முன்னுரையில் இருபது பெயர்களோடு ஒன்றாக ஒரே அடைப்புக்குறிக்குள் கிடக்கிறதா, அல்லது ‘இவருடைய முறையைப் பின்பற்றி இனம் கண்டோம்’ என்று ஆய்வுமுறைப் பகுதியில் நிற்கிறதா? எண்ணில் இரண்டும் ஒன்றுதான். இதைப் படிக்க ஒரு வாரம் ஆகலாம். நான்கைந்து ஆண்டுகளை ஒப்படைக்கும் முன் ஒரு வாரம் அதிகம் அல்ல.

பின்னால் வருந்துவேனா என்று கேட்டீர்கள். வேலையைப் பற்றிய அச்சம் அதில் இருப்பது நியாயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையின்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைக்க வேண்டியவர்களின் முதற்பட்டியல் தயாரிக்கும்போது ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் உண்டு. அவை உங்கள் கட்டுரைகள். நெறியாளரின் எச்-இன்டெக்ஸுக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

ஆகவே என் வாக்கு நண்டுகளுக்கே. ஒரே ஒரு நிபந்தனை: அவரிடம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரைப் பார்த்துப் பேசுங்கள். பட்டம் வாங்க எத்தனை ஆண்டு ஆயிற்று, எழுதிக் கொடுத்த வரைவை எத்தனை நாளில் திருத்தித் தந்தார், கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் வீட்டில் இந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டுச் சேர்ந்துவிடுங்கள்.

அன்புடன்.