வாடகை தவணையைக் கட்டுமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை; பிடித்தம் போக 74,000 ரூபாய் கைக்கு வருகிறது. அம்மா, மனைவியோடு தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். பத்து வருடச் சேமிப்பு 16 லட்சம். மேடவாக்கத்தில் எட்டு வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 55 லட்சத்துக்கு வருகிறது. வாடகைக்கு விட்டால் 15,000 கிடைக்கும், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார் தரகர். ஐந்து வருடத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று திட்டம். பணம் போதாவிட்டால் மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டை விற்றுவிடலாம். அப்பா கட்டியது, அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அக்கா திருமணமாகிச் சேலத்தில் இருக்கிறார். நீங்கள் மதுரையில் வீடு வாடகைக்கு விட்ட அனுபவம் உள்ளவர். தொடங்கலாமா?

கு., தாம்பரம்

அன்புள்ள கு.,

தரகரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னீர்களா? அவர் போட்டிருக்க மாட்டார். நான் போட்டுப் பார்த்தேன்.

இந்த அளவுள்ள வீட்டுக்கடனில் வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதாவது 44 லட்சம். மீதி 11 லட்சம் உங்கள் கையிலிருந்து. மறுவிற்பனை என்பதால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 4 லட்சத்து 95 ஆயிரம். ஆக 15 லட்சத்து 95 ஆயிரம். உங்கள் பத்து வருடச் சேமிப்பில் மிஞ்சுவது ஐயாயிரம் ரூபாய். வாசலுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கலாம். தரகருக்குக் கமிஷன் கொடுக்க முடியாது.

44 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத் தவணை மாதம் 38,000 ரூபாயைத் தாண்டும். வாடகை 15,000. தவணையில் பாதிகூட வரவில்லை. மாதாமாதம் 23,000 ரூபாயை உங்கள் சம்பளத்திலிருந்து போடப் போகிறீர்கள், தாம்பரத்தில் நீங்கள் கொடுக்கும் வாடகை தனி. கிட்டத்தட்ட 60 லட்சம் முடக்கி வருடத்துக்கு 1.8 லட்சம் என்றால் மூன்று சதவீதம். அதுவும் வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இல்லாமல், குழாய் எதுவும் உடையாமல் இருந்தால்.

வரி மிச்சமாகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வாடகை வருமானத்தில் பராமரிப்புக்காக 30 சதவீதம் கழிக்கலாம், கடன் வட்டியையும் கழிக்கலாம், அதெல்லாம் சரி. ஆனால் அதற்கு மேல் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடிவது பழைய வரிமுறையில்தான், அதிலும் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான். புதிய முறையில் அந்த வழியே இல்லை. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். ஃபிளாட்டில் ஏறுவது உங்களுக்கு வரும் நிலப் பங்கு. கட்டடம் வருடா வருடம் கிழடாகிறது. எட்டு வயதான கட்டடத்தில் நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்த்தீர்களா? கடிதத்தில் அந்த எண்ணைக் காணவில்லை.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. மதுரையில் 2009இல் நான் வாங்கிய பழைய வீட்டில் மாடியில் ஒன்று, கீழே ஒன்று என இரண்டு குடித்தனம். நான் இருப்பது நான்கு தெரு தள்ளி. மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள், தொட்டி வழிகிறது, யார் மின்கட்டணம் கட்டுவது என்று இரவு பத்து மணிக்கு என் வாசலில் பஞ்சாயத்து நடந்திருக்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போக முடிந்ததால்தான் இத்தனை வருடம் தள்ளினேன். வாடகை வருமானத்தை உட்கார்ந்து தின்பது என்று நினைப்பவர்கள் வாடகைக்கு விட்டதில்லை.

ஒருமுறை மாடி மூன்று மாதம் காலியாகக் கிடந்தது. என் புத்தியால் வந்த வினை. ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பையன் சுவரைத் தட்டிப் பார்த்தான், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டான். நான் வீட்டைக் காட்டுவதை விட்டுவிட்டு “பூர்வீகம் எந்தப் பக்கம்?” என்றேன். பிறகு “அங்கே எந்தத் தெரு?” என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. “வீடு எங்களுக்குச் சின்னதாக இருக்கிறது ஐயா” என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவர்கள் சமையலறையைப் பார்க்கவே இல்லை. மூன்று மாத வாடகை போனதைவிட, அந்தப் பெண் படியிறங்கும்போது செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. நீங்கள் வீட்டுக்காரர் ஆகும்போது உங்கள் வாயிலும் அந்தக் கேள்வி வரும். வேலை என்ன, எத்தனை பேர், வாடகை எந்தத் தேதியில் தருவீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது திருமங்கலம். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான், நீங்களோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். “என் வீடு” என்கிறீர்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்து 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் சமமாகப் போகிறது. உயில் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால், அப்பாவைப் பெற்ற பாட்டி இல்லையென்றால், அம்மாவுக்கு ஒரு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு. சேலத்தில் இருப்பதால் அக்காவின் பங்கு குறைந்துவிடாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கினீர்களா, பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த வீடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவும் அக்காவும் சம்மதித்தால் ஓட்டை ஒழுகலைச் சரிசெய்து, வெள்ளையடித்து, வாடகைக்கு விடுங்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தம் என்ற பழைய பழக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது அந்தச் சட்டம்; ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறது. நீங்கள் அந்தச் சந்தில் நுழைய வேண்டாம். வாங்கிய அட்வான்ஸைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். காலி செய்யும் நாளில் அதைப் புரட்ட முடியாமல் திண்டாடிய வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது கஷ்டம். ஒரு வருடம் பட்டுப் பாருங்கள். குழாய்க்காரர், எலெக்ட்ரீஷியன் எண்கள் எல்லாம் உங்கள் கைப்பேசியில் ஏறட்டும். மேடவாக்கம் ஃபிளாட் போய்விடும் என்று தரகர் அவசரப்படுத்துவார். போகட்டும், மேடவாக்கத்தில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள். விற்பதைப் பற்றிப் பேச வேண்டாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.