கருவையும் கரிக்கணக்கும்

அன்புள்ள ஐயா,

முதுகலையில் தமிழ்நாட்டின் பசுமை இல்ல வாயுக் கணக்கை எடுத்து ஆய்வு செய்கிறேன். 2005 முதல் ஆண்டுவாரியாக ஒப்பிடுகிறேன். மூன்று சந்தேகங்கள். வெளிமாநிலத்தில் வாங்கும் மின்சாரத்தின் புகை யார் கணக்கு? நெல்வயல் மீத்தேனைச் சேர்ப்பது விவசாயிக்கு அநியாயம் இல்லையா? சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி நீதிமன்றமும் அரசும் முனைகின்றன. அதை வெட்டினால் கார்பனை உறிஞ்சும் பரப்பு குறையுமே, விட்டுவைப்பதுதானே புத்திசாலித்தனம்?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள மகளுக்கு,

அட்டவணைகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பிள்ளைகள் குறைவு. அதற்காகவே பதில் எழுதுகிறேன்.

முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். புகை எங்கே கிளம்புகிறதோ அந்த மாநிலத்தின் கணக்கு என்பது ஒரு முறை. அப்படிப் பார்த்தால் நெய்வேலி மின்சாரம் கேரளத்துக்குப் போனாலும் புகை நம்முடையது. தால்ச்சர் அனல்மின் நிலையத்திலிருந்து நமக்கு வருவதன் புகை ஒடிசாவுடையது. பயன்படுத்துகிறவர் தலையில் வைப்பது இன்னொரு முறை. எது என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், போதும். நெல்வயல் விஷயத்தில் யாரும் விவசாயியைத் திட்டவில்லை. தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடுகின்றன. இடையில் ஒருமுறை வயலைக் காயப்போட்டால் குறையும். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் எந்தக் கண்மாய்க்குள்ளாவது இறங்கியிருக்கிறீர்களா?

இந்திய வன அளவைத் துறை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படம் வைத்து வனப்பரப்பைக் கணக்கெடுக்கிறது. ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் 10 சதவீதமாவது மரக்கவிகை, அதாவது மேலிருந்து தெரியும் இலைக்கூரை, இருந்தால் வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வி கிடையாது. ஆக, தண்ணீர் நிற்க வேண்டிய கண்மாயில் கருவை, அதாவது உங்கள் சீமைக்கருவேலம், அடர்ந்து நின்றாலும் மேலிருந்து பார்க்கிறவனுக்குப் பச்சைதான்.

அந்தப் பச்சை எங்கே போகிறது? நான் ராமநாதபுரத்துக்காரன். என் சித்தப்பா மூட்டம் போடுகிறவர். தூர்க்கட்டையும் கிளையும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைப்பார். முதலில் வெள்ளைப் புகை. அது மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். ராத்திரியில் மண் எங்காவது வெடித்தால் ஓடிப்போய் அடைக்க வேண்டும். காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறும். காய்ந்த விறகில் கிட்டத்தட்ட பாதி கார்பன். ஒரு டன் முழுக்க எரிந்தால் 1.7 டன் கரியமில வாயு. மூட்டத்தில் காற்று குறைவு என்பதால் மீத்தேனும் சேர்ந்து வரும். மிச்சம் இஸ்திரிப் பெட்டியில் போகும்.

நாலு வருஷத்தில் மறுபடி தழைக்கிறது, மறுபடி வெட்டு. நீங்கள் அதை வரவு என்று எழுதுகிறீர்கள். அது மொய், அம்மா. வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். இரண்டு தேதிகளில் மரங்களில் உள்ள கார்பன் இருப்பை அளந்து வித்தியாசம் பார்க்கிற முறையில், நடுவில் வெட்டித் தழைத்ததே தெரியாது.

சரி, அடியோடு அகற்றினால் அந்த வருஷம் உமிழ்வு கூடித்தான் தெரியும். தெரியட்டுமே! கணக்குப் புத்தகம் அழகாக இருக்க வேண்டும் என்று கண்மாயை மேடாக்குவதா? அதற்காக ஜேசிபி வைத்து வாரிவிட்டுப் போவதையும் நான் ஆதரிக்கவில்லை. விதை மண்ணுக்குள் கிடக்கும்; ஆடு காயைத் தின்று புழுக்கையோடு போடும்; இரண்டு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். மூட்டத்தை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு என்ன வழி என்பதையும் 2022-இல் அரசு கொண்டுவந்த அயல் தாவரக் கொள்கையை வைத்துப் பேசுகிற யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆய்வுக்கு ஒரு யோசனை. முதுகுளத்தூர், கமுதி பக்கம் ஒரு கண்மாயைப் பிடியுங்கள். கருவை ஏலம் எந்தெந்த வருஷம் போனது என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். பதிவேட்டில் ரூபாய் இருக்கும், டன் இருக்காது. டன் வேண்டுமென்றால் எடைமேடைச் சீட்டு வைத்திருக்கும் வியாபாரியைப் பார்க்க வேண்டும். காலையில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் லாரியோடு கிளம்பிவிடுவார்.