சத்தான உணவு உண்பவருக்கு வைட்டமின் மாத்திரையும் தேவையா?

காய்கறி, பழம், பருப்பு என முறையாகச் சாப்பிடும் ஒருவர் வைட்டமின் மாத்திரையும் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. மல்டிவைட்டமின் விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உடல் தனக்கு மிஞ்சிய வைட்டமின் பி2-வை வெளியேற்றும் நிறம் அது (காசும் கூடவே போகிறது). ஆனால் கொழுப்பில் கரையும் ஏ, டி போன்றவை அவ்வளவு எளிதில் வெளியேறாமல் உடலில் தங்கிவிடுவதால், அளவு மீறினால் தீங்கு நேரலாம். கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ மிகுந்தால் கருவே பாதிக்கப்படக்கூடும்.

ஆனால் சிலருக்கு மாத்திரை தேவைப்படும். பால், முட்டை உட்பட விலங்குணவை அறவே தவிர்ப்பவர்களுக்கு பி12 அவசியம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் (பி வகை வைட்டமின்களில் ஒன்று) பரிந்துரைக்கப்படுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் வைட்டமின் கே கலந்த எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வெறும் சோர்வுக்காகத்தான் யோசிக்கிறீர்கள் என்றால், முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.