சூரியன் உதிக்காத ஊரில் சளி பிடிக்குமா? கேள்வி பதில்

கேள்வி: சார், அண்டார்டிகா குளிரில் கிருமியே தாக்குப்பிடிக்காது என்கிறார்களே, அப்போ அங்கே போகிறவர்களுக்குச் சளி பிடிக்காதா?

பதில்: பிடிக்கும். 1969-ல் அண்டார்டிகாவை ஒட்டிய அடிலெய்டு தீவில் இருந்த பிரிட்டிஷ் முகாமில் 12 பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 17 வாரம் வெளியாள் ஒருவர்கூட வரவில்லை. அப்புறம் ஒருவருக்கு மூக்கு ஒழுகியது. அடுத்தடுத்து மொத்தம் ஆறு பேருக்கு வந்துவிட்டது. மாதிரி எடுத்துச் சோதித்தும் எந்தக் கிருமி என்று பிடிபடவில்லை.

கேள்வி: அத்தனை நாள் கிருமி எங்கே ஒளிந்திருக்கும்?

பதில்: நம் உடம்பிலேயே ஒளியத் தெரிந்த கிருமிகள் உண்டு. சின்னம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் அம்மை போட்டு, வேப்பிலை படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்துவிடுகிறோம். வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் காவல் காக்கின்றன. தூக்கம் கெட்டு, மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும்போது காவல் தளர்கிறது. வைரஸ் விழித்தால் அக்கியாக வரலாம். நாசா விண்வெளி வீரர்களின் எச்சிலையும் சிறுநீரையும் சோதித்தது. ஷட்டில் விண்கலத்தில் போய்வந்த 89 பேரில் 47 பேருக்கும், விண்வெளி நிலையத்தில் தங்கிய 23 பேரில் 14 பேருக்கும் சின்னம்மை வைரஸ் சேர்ந்திருக்கும் ஹெர்பெஸ் குடும்பத்தின் வைரஸ்கள் வெளிப்பட்டன. பெரும்பாலோருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை!

கேள்வி: அது எடையில்லாமல் மிதப்பதால் வருவதுதானே?

பதில்: அது மட்டுமே காரணம் என்றால், யாரும் மிதக்காத அண்டார்டிகாவின் கான்கார்டியா நிலையத்தில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. பிரான்சும் இத்தாலியும் நடத்தும் அந்த நிலையம் 3,200 மீட்டருக்கு மேல், பனிப்பீடபூமியில் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை போக்குவரத்து கிடையாது. மூன்று மாதத்துக்கும் மேல் சூரியன் உதிக்காது. காற்றில் ஆக்சிஜன் குறைவு, பத்துப் பதினைந்து பேரின் அதே முகங்கள். அங்கே ஓராண்டு இருந்தவர்களின் ரத்தத்தை எடுத்து, கிருமிகளின் கூறுகளைச் சேர்த்துத் தூண்டிப் பார்த்தபோது, நாளாக ஆக எதிர்ப்பு செல்கள் தேவைக்கு மேல் சீறின. ஆகவே 'சக்தி குறைந்துவிட்டது' என்று மட்டும் சொல்வது சரியில்லை. அளவு தப்புகிறது என்பதுதான் என் கருத்து.

கேள்வி: என் தம்பி அண்டார்டிகாவில் இந்தியா நடத்தும் மைத்ரி நிலையத்துக்கு ஓராண்டு போகிறான். என்ன சொல்லி அனுப்ப?

பதில்: இருட்டு மாதங்களிலும் நேரத்துக்குத் தூங்கச் சொல்லுங்கள். வெயில் படாததால் வைட்டமின் டி குறையும், டாக்டர் தரும் மாத்திரையை விடக் கூடாது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அன்றே காட்டட்டும். அக்கி மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.